சைபருக்கும் சைபருக்கும் என்ன உறவு?

"சைபர் கிரைம், சைபர் கிரைம்னு டிவியில ஓடிக்கிட்டே இருக்கே, அது என்ன வாப்பா? முட்டைக்குப் போயி எதுக்கு போலீஸு?"

நோன்புப் பெருநாள் விடுமுறையில் எங்கள் உம்மம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் படித்த காலத்தில் கணக்கில் மதிப்பெண் எதுவும் வாங்காவிட்டால் "சைபர்" என்பார்கள். சிலேட்டில் பெரிய முட்டை ஒன்றைப் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அவருக்குத் தெரிந்த சைபர் அது ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: பட்டம் வாங்கிய நான்கு பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பூஜ்யத்தைக் குறிக்கும் சைபரும், கணினிக் குற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சைபரும் ஒரே சொல்லா, வேறு வேறா?

தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இரண்டும் ஒன்றுதான் உம்மம்மா. அரபியில் ஸிஃப்ர் என்று ஒரு சொல் இருக்கிறது, அதிலிருந்துதான் எல்லாமே வந்தது" என்று அடித்துச் சொன்னேன். அதோடு விட்டேனா? பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள், இன்று உலகமே பேசும் 'சைபர்' நம்முடைய சொல் என்று பெருமையாக நான்கு வரி எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்திலும் போட்டேன். அது எங்கெங்கோ ஃபார்வர்டு ஆனது.

இரண்டு வாரம் கழித்து மஹல்லா மாணவர்களுக்கான கோடைக்கால வகுப்பில் அதையே மீண்டும் பேசினேன். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஸார், ஸிஃப்ர்ல முதல் எழுத்து ஸாத். வாப்பா ரியாத்ல இருந்து ஒரு போட்டோ அனுப்பினாங்க, அதுல சைபர் செக்யூரிட்டிக்கு ஸீன் போட்டுல்ல எழுதியிருக்கு? ஒரே சொல்லுன்னா எழுத்து ஏன் மாறுது?"

என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்ததில் அந்தப் பிள்ளை சொன்னதே சரி என்று தெரிந்தது. நான் எழுதிய நான்கு வரிகளில் இரண்டு தவறு. ஆனால் தவறைத் திருத்தப் போன இடத்தில் கிடைத்த கதை, நான் பெருமைக்காகச் சொன்னதைவிடப் பெரியதாக இருந்தது.

ஸிஃப்ர் எங்கிருந்து தொடங்குகிறது

ஸாத், ஃபா, ரா ஆகிய மூன்று எழுத்துகளால் ஆனது ஸிஃப்ர். எண்ணாக ஆவதற்கு முன்பு அது சாதாரணப் பேச்சுச் சொல். காலி, வெறுமை என்று பொருள். காலியான பாத்திரம், ஆளில்லாத வீடு, ஒன்றும் இல்லாத கை, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாம் அடிக்கடி கேட்கும் ஒரு ஹதீஸிலேயே அது இருக்கிறது. அடியான் கையேந்திக் கேட்கும்போது அந்தக் கைகளை வெறுமையாகத் திருப்பி அனுப்ப அல்லாஹ் வெட்கப்படுகிறான் என்ற கருத்தில் ஸல்மான் அல்-ஃபாரிஸீ (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. 'வெறுமையாக' என்ற இடத்தில் அரபி மூலத்தில் உள்ள சொல் 'ஸிஃப்ரன்'. கணிதம் தெரிந்தவர் அதைப் படித்தால் அந்தக் கைகளில் ஒரு பூஜ்யம் தெரியும். அன்றைய அரபிக்கு வெறுங்கைதான் தெரிந்திருக்கும்.

உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் ஸிஃப்ரும் ஸஃபர் மாதத்தின் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த மாதத்தில் மக்கள் பயணம் கிளம்பிவிடுவதால் வீடுகள் காலியாகக் கிடந்தன, அதனால் இந்தப் பெயர் என்பது அரபி அகராதிக்காரர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ஸஃபரைப் பீடை மாதமாகக் கருதும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நபி (ஸல்) அவர்கள் அந்த எண்ணத்தை மறுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சொல்லின் வேரில் இருப்பது வெறுமை மட்டுமே. கெட்டது எதுவும் அதில் இல்லை. இது போகிற போக்கில் சொன்னது, விஷயத்துக்கு வருவோம்.

வெறுமை என்ற இந்தச் சொல் எப்படி ஓர் எண்ணின் பெயரானது? அந்த எண் அரபு நாட்டில் பிறக்கவில்லை. என் முதல் தவறு இதுதான். இடத்தை நிரப்பும் ஒரு குறியாக ஏதோ ஒரு வகைப் பூஜ்யம் பாபிலோனியரிடமும் மாயா மக்களிடமும் இருந்தது. ஆனால் பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே எடுத்துக்கொண்டு, அதைக் கூட்டினால் என்ன ஆகும், கழித்தால் என்ன ஆகும், பெருக்கினால் என்ன ஆகும் என்று விதிகள் எழுதியவர் பிரம்மகுப்தர். அவருடைய நூல் 628ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹிஜ்ரி கணக்கில் அது 7ஆம் ஆண்டை ஒட்டி வரும். குவாலியர் கோட்டையில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் 270, 50 என்ற எண்களில் சிறிய வட்டமாகப் பூஜ்யம் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் அதன் பெயர் 'சூன்யம்'. அதற்கும் வெறுமை என்றுதான் பொருள். இந்தியக் கணக்கு பக்தாத் போய்ச் சேர்ந்தபோது அறிஞர்கள் ஒலியை அப்படியே எடுக்காமல் பொருளை மொழிபெயர்த்தார்கள். சூன்யம் ஸிஃப்ர் ஆனது.

இதை மறைக்க அவர்கள் முயலவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இந்த எண்களைப் பற்றி எழுதிய நூலின் அரபி மூலம் இன்று இல்லை. லத்தீன் வடிவம்தான் கிடைக்கிறது. அதில் அவை இந்தியர்களின் எண்கள் என்றே சொல்லப்படுகின்றன. (அந்த லத்தீன் வடிவில் அவர் பெயர் 'அல்கோரித்மி' என்று ஆனதும், கணினிக்காரர்கள் சொல்லும் 'அல்காரிதம்' அதிலிருந்து வந்ததும் பலருக்குத் தெரிந்த கதை.) இன்றும் வளைகுடாவில் வாகனப் பலகைகளில் பார்க்கும் எண்களுக்கு அரபியில் 'இந்திய எண்கள்' என்று ஒரு பெயர் உண்டு. நாம் பள்ளியில் எழுதும் 1, 2, 3ஐ ஐரோப்பியர்கள் 'அரபு எண்கள்' என்கிறார்கள். ஆளாளுக்கு, தான் யாரிடமிருந்து வாங்கினோமோ அவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம்தான் ஃபார்வர்டு அனுப்பி அதைக் கெடுக்கிறோம்.

வளைகுடாவுக்கு முதல்முறை வேலைக்குப் போனவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். அங்கே பூஜ்யம் ஒரு புள்ளி. வட்டமாக இருப்பது ஐந்து. கடையில் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு ஐந்து ரியாலை 'சைபர்' என்று படித்து, சும்மா கொடுக்கிறார்களோ என்று நின்றவர்கள் நம்மில் உண்டு.

நம் பழைய தமிழ் எண்முறையில் பூஜ்யமே தேவைப்படவில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் இருந்தன. இருநூற்று ஐந்தை இரண்டு, நூறு, ஐந்து என்று மூன்று குறிகளால் எழுதிவிடுவார்கள். கணினிக்கான யூனிகோடு எழுத்துத் தொகுப்பிலேயே தமிழ்ப் பூஜ்யம் 2005இல்தான் சேர்க்கப்பட்டது.

கடல் தாண்டிய வெறுமை

அல்ஜீரியாவின் கடற்கரையில் இன்று பிஜாயா என்று அழைக்கப்படும் ஊர் அன்று பெரிய வணிகத் துறைமுகம். இத்தாலியின் பைசா நகர வணிகர்களின் அலுவல்களை அங்கே கவனித்துவந்தவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குப் படிக்க வைத்தார். அந்த மகன்தான் பின்னாளில் ஃபிபோனாச்சி என்று புகழ்பெற்ற லியனார்டோ. 1202இல் அவர் எழுதிய 'லிபேர் அபாச்சி' என்ற நூலில் இந்தியர்களின் ஒன்பது எண்களையும், அவற்றோடு சேரும் ஒரு சுழியையும் அறிமுகப்படுத்துகிறார். அந்தச் சுழிக்கு அரபியர் வைத்த பெயரை லத்தீன் நாக்குக்கு ஏற்ப 'ஸெஃபிரம்' என்று எழுதினார். இத்தாலியர் வாயில் அது தேய்ந்து தேய்ந்து 'ஸெரோ' ஆனது. நாம் சொல்லும் 'ஜீரோ' அதுதான்.

அதே ஸிஃப்ர் இன்னொரு வழியிலும் ஐரோப்பாவுக்குள் போனது. லத்தீனில் 'சிஃப்ரா' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'சைஃபர்' ஆகி முதலில் பூஜ்யத்தையே குறித்தது. உம்மம்மாவின் சிலேட்டுக்கு வந்த சைபர் இதுதான்; வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. ஆக ஜீரோவும் சைபரும் ஒரு தாய் மக்கள். ஒன்று இத்தாலி வழியாக வந்தது, மற்றது வேறு வழியில் வந்தது, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் 'ஷிஃப்ர்' என்றால் இன்று ஏதேனும் ஓர் இலக்கம். பூஜ்யம் மட்டும் அல்ல. ஜெர்மன் மொழியில் 'ட்சிஃபர்' என்பதும் அப்படியே. ரஷ்ய மொழியில் இலக்கத்துக்கு 'ட்சிஃப்ரா' என்று பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் 'டிஜிட்டல்' என்று சொல்வதை ரஷ்யர்கள் 'ட்சிஃப்ரவோய்' என்கிறார்கள். டிஜிட்டல் என்பது விரல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரஷ்யருடைய டிஜிட்டல் உலகம் முழுவதும் ஸிஃப்ரின் மேல் நிற்கிறது. இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஃபார்வர்டில் இதையே எழுதியிருப்பேன்.

புதிய எண்களுக்கு ஐரோப்பாவில் உடனே வரவேற்பு கிடைக்கவில்லை. 1299இல் ஃபிளாரன்ஸ் நகரத்தின் நாணய மாற்றுக்காரர் சங்கம் தன் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது. சுழியின் மேல் ஒரு வால் இழுத்தால் ஆறாகவோ ஒன்பதாகவோ மாறிவிடும், திருத்துவது எளிது என்ற பயத்தை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். வங்கிக் காசோலையில் தொகையை இன்றும் எழுத்தாலும் எழுதச் சொல்வது அதே பயத்தால்தான்.

பூஜ்யம் ரகசியமானது எப்படி

இலக்கம் என்று இருந்த சொல், 'ரகசிய எழுத்து' என்ற பொருளை எப்போது ஏற்றது? இத்தாலிய நகர அரசுகள் ஒன்றை ஒன்று வேவு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் தூதர்கள் தங்கள் கடிதங்களில் எழுத்துகளுக்குப் பதிலாக எண்களையும் குறிகளையும் போட்டு எழுதினார்கள். எண்ணால் எழுதியது என்ற பொருளில் அந்தக் கடிதமும் 'சிஃப்ரா' எனப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் நிலைத்துவிட்டது. கணினித் துறையில் இன்று சைஃபர் என்றால் இதுதான்: ஒரு செய்தியை, திறவுகோல் உள்ளவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றும் முறை.

மிக எளிய சைஃபர் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். க, ச, ட, த, ப, ற என்ற வல்லின வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அடுத்ததை எழுதுங்கள்; ற வந்தால் மீண்டும் க. அப்போது 'படகு' என்பது 'றதசு' ஆகிவிடும். 'கதவு' என்பது 'சபவு'. பிள்ளைகள் இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதை உடைப்பதும் எளிது. அந்த வழியை நாம் அறிந்த வரையில் முதலில் எழுதிவைத்தவர் அல்-கிந்தி. கூஃபாவைச் சேர்ந்த இவர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர். மருத்துவம், இசை, மெய்யியல், ஒளியியல் என்று கைவைக்காத துறை இல்லை. ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். அதே மொழியில் எழுதிய வேறு ஒரு நீண்ட பகுதியை எடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. பிறகு ரகசியக் கடிதத்தில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகமூடி கழன்றுவிடும். அவர் சொன்ன முறையின் சாரம் இவ்வளவே. இஸ்தான்புல்லில் உள்ள சுலைமானிய்யா நூலகத்தின் கையெழுத்துப் படிகளுக்குள் முடங்கிக் கிடந்த அந்த மடல் 1980களில்தான் வெளியே தெரியவந்தது. நாம் பெருமைப்பட விரும்பினால் கையில் ஆதாரத்தோடு பெருமைப்பட வேண்டிய இடம் இது.

ஆனால் அல்-கிந்தி அந்தக் கலையை ஸிஃப்ர் என்று அழைக்கவில்லை. அவர் பயன்படுத்திய சொல் 'முஅம்மா'. பார்வையை மறைத்தது, குருடாக்கப்பட்டது என்ற பொருள் தரும் சொல் அது. ரகசிய எழுத்துக்கு ஸிஃப்ர் என்ற பெயர் ஐரோப்பாவில் கிடைத்த பட்டம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரெஞ்சுக்காரர்களின் 'ஷிஃப்ர்' ரகசியக் குறியீடு என்ற புதுப் பொருளோடு அரபிக்கே திரும்பி வந்தது. வந்தபோது அது ஸாத் எழுத்தில் தொடங்கவில்லை. பிரெஞ்சு உச்சரிப்போடு ஷீன் எழுத்தில் தொடங்கும் 'ஷிஃப்ரா' ஆகிவிட்டது. வெளிநாட்டில் வளர்ந்து ஊர் திரும்பிய பேரனைப் பாட்டிக்கே அடையாளம் தெரியாமல் போன மாதிரி. அதிலிருந்து 'தஷ்ஃபீர்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். இன்று அரபியில் என்கிரிப்ஷனுக்கு அதுதான் சொல். அரபு அகராதியில் ஸிஃப்ர் ஒரு பக்கத்திலும் ஷிஃப்ரா வேறொரு பக்கத்திலும் முன்பின் அறியாதவர்கள் போல இருக்கின்றன.

துருக்கியர் வீட்டில் இரண்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. 'ஸுஃபுர்' என்றால் பூஜ்யம். 'ஷிஃப்ரே' என்றால் கடவுச்சொல். வைஃபை பாஸ்வேர்டு கேட்க வேண்டுமானால் அங்கே ஷிஃப்ரே கேட்க வேண்டும். ஸ்பானிய மொழியில் என்கிரிப்ஷனுக்கு 'சிஃப்ராதோ'. சுவாஹிலியில் பூஜ்யம் 'ஸிஃபூரி'. உருதுவில் 'ஸிஃபர்'. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் மலேசியாவில் 'சிஃபார்' என்றால் பூஜ்யம், 'சிஃபிர்' என்றால் பெருக்கல் வாய்ப்பாடு. அங்குள்ள பிள்ளைகள் காலையில் ஒப்பிக்கும் ஏழாம் வாய்ப்பாட்டின் பெயரிலும் அதே அரபி வேர்தான்.

தமிழில் இதற்குக் குறியாக்கம், மறையாக்கம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. மறை என்றாலே திருமறை நினைவுக்கு வரும் நமக்கு 'மறையாக்கம்' கொஞ்சம் விநோதமாகத்தான் ஒலிக்கிறது. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. அல்-கிந்தியின் முஅம்மாவுக்கு மிக அருகில் வருகிற சொல் அது.

இன்றைய சைஃபர்கள் எழுத்தை எண்ணினால் உடைபடுபவை அல்ல. 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்று, இன்று உலகெங்கும் வங்கிகள் முதல் வாட்ஸ்அப் வரை பயன்படும் ஏ.இ.எஸ். என்ற முறையை வடிவமைத்தவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர். அதன் மிகச் சிறிய திறவுகோலில் 128 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றோ பூஜ்யமோ வரலாம். மொத்தம் எத்தனை விதமாக வரலாம் என்று எழுதினால் 39 இலக்கம் கொண்ட எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. சைஃபர் என்ற பூட்டின் சாவி மீண்டும் சைபர்களாலும் ஒன்றுகளாலும் ஆனதாக இருப்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு சைபர்

சரி, சைபர் கிரைம்? அந்த மாணவி சொன்னதுதான் சரி. அது வேறு குடும்பம்.

பழைய கிரேக்க மொழியில் கப்பலின் திசையைப் பிடித்து ஓட்டுபவரை 'குபெர்னேத்தெஸ்' என்பார்கள். அந்தச் சொல் லத்தீனுக்குப் போய்த் திரிந்து, ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆனது. 1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களும் உயிர்களும் தங்களைத் தாங்களே எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்று ஆராயும் ஒரு துறைக்குப் பெயர் தேடினார். பறக்கும் விமானத்தைக் குறிவைக்கும் பீரங்கிகளைப் பற்றிப் போர்க்காலத்தில் அவர் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த துறை அது. கிரேக்க மாலுமியை நினைத்து 'சைபர்நெட்டிக்ஸ்' என்று வைத்தார். 1982இல் வில்லியம் கிப்சன் என்ற கதாசிரியர் அதன் முன்பாதியை வெட்டி எடுத்து 'சைபர்ஸ்பேஸ்' என்று ஒரு சொல்லைக் கதையில் உருவாக்கினார். அதன்பின் எதன் முன்னாலும் 'சைபர்' ஒட்டலாம் என்றாகிவிட்டது: சைபர் கஃபே, சைபர் செக்யூரிட்டி, சைபர் கிரைம்.

அரபி இதை 'ஸீப்ரானி' என்று ஸீன் எழுத்தில் எடுத்துக்கொண்டது. சவூதியில் 2017இல் அமைக்கப்பட்ட தேசிய சைபர் பாதுகாப்பு ஆணையத்தின் பெயரிலும் அப்படித்தான் இருக்கிறது. ரியாதிலிருந்து வந்த போட்டோவில் அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான். மலாயிலும் பூஜ்யம் 'சிஃபார்', இணையக் குற்றத்தில் வருவது 'சிபெர்'. ஆங்கிலத்திலும் எழுத்து வேறு, ஒலி வேறு. தமிழில் மட்டும்தான் 'ஃப'வும் 'ப'வும் ஒரே எழுத்தில் விழுந்து, இரண்டும் 'சைபர்' ஆகி, உம்மம்மா குழம்பும்படி ஆயிற்று. அவருடைய கேள்வியில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படித்தார்.

கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தக் கிரேக்கச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? சுக்கான் பிடிக்கும் மாலுமி என்போம். 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்ற அரபிச் சொல்லிலிருந்தும், 'சுக்கான்' என்பது 'ஸுக்கான்' என்ற அரபிச் சொல்லிலிருந்தும் வந்தவை என்று தமிழ் அகராதிகளே குறிக்கின்றன. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பாய்மரக் கப்பல்களால் வாழ்ந்த காலத்தின் மிச்சம் இவை. சைபர் கிரைமில் உள்ள சைபர் அரபி அல்ல. ஆனால் அதற்குத் தமிழில் பொருள் சொல்லப் போனால் இரண்டு அரபிச் சொற்கள் இல்லாமல் முடிவதில்லை.

இரண்டும் சந்தித்த ஓர் அழைப்பு

சொல்லாராய்ச்சி யாருக்குச் சோறு போடும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. சில மாதங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு மாமிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டையில் ஒருவர். "சைபர் கிரைம் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், அழைப்பை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது." மாமி நடுங்கிப்போனார். அவர் முழுதாக நம்பியதற்குக் காரணம் அடுத்த வாக்கியம்: "இந்த அழைப்பு என்கிரிப்ட் செய்யப்பட்டது என்று திரையிலேயே வந்திருக்கும் பாருங்கள். அரசாங்க ரகசிய அழைப்பு என்பதால்தான் அப்படி." பார்த்தார். அந்த வரி இருந்தது.

வாட்ஸ்அப்பில் அந்த வரி எல்லா அழைப்புக்கும் வரும். 2016இலிருந்து எல்லாச் செய்திக்கும் எல்லா அழைப்புக்கும் அந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. பேசும் இருவருக்கு நடுவில் வேறு யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா திருடனா என்று அந்தப் பூட்டுக்குத் தெரியாது. திருடனோடு நீங்கள் பேசுவதையும் அது அதே அக்கறையோடு பாதுகாக்கும்.

மாமி பணம் அனுப்ப வங்கிச் செயலியைத் திறந்த நேரத்தில் மருமகள் கடைவீதியிலிருந்து திரும்பி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். போனைப் பிடுங்கி அணைத்தார். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் இன்னொரு கணக்குக்கு நகராமல் முடக்க வாய்ப்பு அதிகம். இலங்கை, மலேசியா, வளைகுடாவில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு எண் எது என்று இன்றே கேட்டுப் பெரியவர்களின் போனில் பதிந்துவைக்கலாம்.

மாமியிடம் பிறகு பேசியபோது அவர் சொன்னார்: "சைபருன்னான், என்கிரிப்டுன்னான். ஒண்ணும் புரியல. புரியாததாலதான் பெரிய இடம்னு நெனச்சிட்டேன்." செய்தித்தாள்களில் இப்போது 'இணையவழிக் குற்றப்பிரிவு' என்று எழுதுகிறார்கள். நீளமான பெயர்தான், ஆனால் உம்மம்மாவுக்கு விளங்குகிறது.

குடும்பக் குழுமத்தில் என் பழைய பதிவுக்குக் கீழே திருத்தம் போட்டேன். பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது நாம் அல்ல, இந்தியாவிலிருந்து வாங்கிப் பெயர் கொடுத்து மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் முன்னோர். சைபர் கிரைமில் இருப்பது கிரேக்கச் சொல். முன்பு எழுதியது என் தவறு. பழைய செய்திக்கு வந்த கைதட்டல்களில் கால்வாசிகூட இதற்கு வரவில்லை. வாப்பா மட்டும் "முதல்ல அனுப்பினதை நான் பதினஞ்சு பேருக்கு அனுப்பிட்டேனே, இப்ப இதையும் அனுப்பணுமா?" என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் பதில் எதுவும் எழுதாமல், மகனுடைய வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். பெரிய எழுத்தில் 'சிஃபிர்' என்று இருந்தது.